அளவு அக்கா உட்கார்ந்த நாற்காலி

என் அண்ணிக்குச் சம்பளப் பட்டியலில் எழுதியிருக்கும் பதவி கிடங்கு உதவியாளர். வடிவமைப்புக் கல்லூரியின் பின்பக்கத்தில், ஒட்டுப்பலகை, பஞ்சு, கம்பி, பசை டப்பா எல்லாம் அடுக்கிய ஒரு நீள அறை. அதன் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அண்ணி. மாணவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தப் பதவியைச் சொல்லி விசாரித்தால் அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ‘அளவு அக்கா’ என்று கேட்டால் வாசல் காவலாளியிலிருந்து முதல்வரம்மா வரை கை நீட்டி வழி காட்டுவார்கள்.

பெயர் வந்த கதை இது. அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேராசிரியர், பொழுது போகாமலோ என்னவோ, கிடங்கில் இருந்த அத்தனை பேரையும் நாடா வைத்து அளந்தார். தோள் அகலம், முழங்கால் உயரம், உட்கார்ந்தால் இடுப்பு எவ்வளவு பரவுகிறது, கையை நீட்டினால் எதுவரை எட்டுகிறது. அளந்துவிட்டுப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் புரட்டியவர் எழுந்தே நின்றுவிட்டாராம். சராசரிப் பெண்ணுக்கு என்னென்ன அளவு என்று அச்சடித்திருந்ததோ, அத்தனையும் அப்படியே அண்ணியிடம் இருந்தது.

ஊரில் அவனவன் தான் சராசரி இல்லை என்று காட்டத்தான் படாத பாடு படுகிறான். அந்தக் கல்லூரியில் கேட்கவே வேண்டாம். அங்கே ஒவ்வொருத்தர் தலைமுடியும் ஒரு தனிக் கொள்கை. அந்தக் கூட்டத்தில் சராசரியாக இருந்தே பெயர் வாங்கியவள் என் அண்ணி ஒருத்திதான். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் கூட, “நான் குளிருதுன்னு சொன்னா ஊருக்கே குளிருதுன்னு அர்த்தம்” என்று சொல்லி மின்விசிறியை நிறுத்துவாள். என் அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு பேசாமல் வேறு அறைக்குப் போய்விடுவான்.

அன்றிலிருந்து மாணவர்கள் செய்கிற எந்தப் பொருளும் அண்ணியைத் தாண்டிப் போனதில்லை. நாற்காலி செய்தால் அவள் உட்கார வேண்டும். கெண்டி செய்தால் அவள் ஊற்ற வேண்டும். பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் வளையம் செய்தால் அவள் தொங்க வேண்டும். தீர்ப்பு இரண்டே வகை. ‘பரவாயில்ல’ என்றால் தேர்ச்சி. அதற்கு மேலான பாராட்டு அவளிடம் கிடையாது. ‘இடிக்குது’ என்றால் தூக்கிக்கொண்டு போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கெஞ்சினாலும் அழுதாலும் நடக்காது. “எனக்கு இடிச்சா எல்லாருக்கும் இடிக்கும். எடுத்துட்டுப் போ” என்பாள். பரீட்சைக்குப் பயப்படாத பிள்ளைகள் கூட அண்ணியின் இடுப்புக்குப் பயப்பட்டார்கள்.

சில வருடங்களாக இதில் ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்திருந்தது. உட்கார்ந்தவுடன் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் அசைய மாட்டாள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வாள். பிள்ளைகளுக்கு மெய்சிலிர்க்கும். அக்கா பொருளோடு பேசுகிறார் என்று முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பேராசிரியர்கள் கூட எதையாவது தொட்டுப் பார்க்கும்போது கண்ணை மூட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

நான் அவளுடைய கொழுந்தன். புகைப்படம் எடுப்பது என் பிழைப்பு. கல்லூரி விழாக்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், அண்ணியின் சிபாரிசு. அதனால்தான் இந்தக் கதையை வீட்டுப் பக்கமிருந்தும் மேடைப் பக்கமிருந்தும் பார்த்தவன் நான் ஒருவன்.

வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நிதி திரட்ட அந்த வருடம் ஒரு பெரிய விருந்து ஏற்பாடானது. சாதித்த வடிவமைப்பாளர்கள் மூன்று பேருக்குப் பாராட்டு. அவர்கள் முகத்துக்காகப் பணக்காரர்கள் வந்து சாப்பிட்டு, கைதட்டி, கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பது திட்டம். அழைப்பிதழைக் கல்லூரியே வடிவமைத்தது. மடிப்பில் அப்படி ஒரு புதுமை. பாதிப் பேர் பிரிக்கத் தெரியாமல் கிழித்துவிட்டார்கள். மீதிப் பேர் பிரிக்காமலே போன் போட்டு, எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டார்கள்.

மூவரில் ஒருவர் விளக்கு செய்கிற அம்மாள். இன்னொருவர் எழுத்துரு செய்கிறவர். இவர்கள் இருவரையும் இத்தோடு மறந்துவிடலாம், விழாவிலும் அப்படித்தான் மறந்தார்கள். மூன்றாமவர்தான் முக்கியம். எல்லோரும் அவரை நாற்காலிக்காரர் என்றே சொல்வார்கள். அதே கல்லூரியில் படித்தவர். மாணவராக இருந்தபோது அவர் செய்த நாற்காலி ஒன்றை ஒரு பெரிய தொழிற்சாலை வாங்கி, லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. விமான நிலையம், ஆஸ்பத்திரி, வங்கி, பல் டாக்டரின் வரவேற்பறை என்று அது இல்லாத இடமில்லை. ‘எல்லோருக்குமான நாற்காலி’ என்று விளம்பரம். அவர் கையால் செய்த முதல் நாற்காலி கல்லூரி முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தொடாதீர்கள் என்று ஒரு பலகை வேறு.

அந்த நாற்காலியைப் பற்றி நாற்காலிக்காரர் எல்லாப் பேட்டியிலும் ஒரு கதை சொல்வார். விழா மலரிலும் அதையே அச்சடித்திருந்தார்கள். ‘செய்து முடித்ததும் கிடங்கு அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பரவாயில்ல என்றார். அந்த நொடியில் தெரிந்துவிட்டது, இது உலகத்துக்கே பொருந்தும் என்று.’ அண்ணியும் இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கதையைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தாள். கல்லூரியில் பாதிப் புகழ் அவளுக்கு அதனால் வந்ததுதான்.

விழாவில் அந்த முதல் நாற்காலியை ஏலம் விடுவதாக முடிவாயிற்று. முதல்வரம்மா அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார்.

“மேடையில நீங்க அதே நாற்காலியில உட்காரப் போறீங்க” என்றார். “நிகழ்ச்சி நடத்துற பொண்ணு ‘எப்படி இருக்கு’ன்னு கேட்கும். நீங்க கண்ணை மூடி ஒரே ஒரு வார்த்தை. ‘பரவாயில்ல.’ அவ்வளவுதான். ஏலம் எங்கேயோ போயிடும். எத்தனை பிள்ளைங்க படிப்பு இதுல இருக்கு, யோசிச்சுப் பாருங்க.”

“சரிங்கம்மா.”

“ஒத்திகை பார்த்துக்கணுமா?”

“இத்தனை வருஷமா வேற என்னம்மா பண்ணிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தாள். போனேன். அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக், இன்னும் வந்திருக்கவில்லை.

“தம்பி, அந்தக் கதவைச் சாத்து” என்றாள்.

சாத்தினேன். அண்ணி சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு எல்லாமே இடிக்குதுப்பா.”

“எது அண்ணி?”

“எல்லாமேதான். அஞ்சாறு வருஷமா. இடுப்பு அகலமாயிடுச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது. எந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் எங்கயாவது இடிக்குது. பிள்ளைங்க நல்லாத்தான் செஞ்சிருக்கும், எனக்குத்தான் சேரல. புத்தகத்துல இருக்கிற ஆளு நான் இல்லன்னு அதுங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

“அப்ப எப்படித் தீர்ப்பு சொல்றீங்க?”

“கண்ணை மூடிக்குவேன்” என்றாள். “என் பழைய உடம்பை நினைச்சுக்குவேன். அந்த உடம்புக்கு இது எப்படி இருக்கும்னு பார்ப்பேன். அதுக்கு இடிக்கலன்னா பரவாயில்லம்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பிள்ளைகள் தியானம் என்று நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு தலைமுறை மாணவர்கள், இல்லாத ஒரு உடம்புக்கு நாற்காலி செய்து பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“அந்த நாற்காலி அன்னிக்கு என் அளவு” என்றாள் அண்ணி. “இன்னிக்கு நான் அதுல நுழையவே மாட்டேன். கைப்பிடி ரெண்டும் இறுக்கிப் பிடிக்கும். அத்தனை பேர் முன்னால மாட்டிக்கிட்டா எல்லாம் வெளிய வந்துரும். அப்புறம் நான் யாரு? பசை டப்பா எடுத்துக் குடுக்கிறவ.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

மறுநாள் முதல் அண்ணியின் சாப்பாடு வெள்ளரிக்காயும் சூடான தண்ணீரும் என்று ஆனது. காலையில் தெருமுனை வரை வேகமாக நடப்பாள், திரும்பி வரும்போது மெதுவாக நடப்பாள். நான் கல்லூரி முகப்புக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் அட்டையைப் படம் பிடித்து வந்தேன். அதில் நாற்காலியின் எல்லா அளவும் இருந்தது. கைப்பிடிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, சமையலறையில் சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே அதே இடைவெளி வருகிற மாதிரி ஃப்ரிட்ஜை நகர்த்தினோம். நடுவில் முக்காலியைப் போட்டோம். அண்ணி தினமும் சாயந்திரம் அதற்குள் உட்காரப் பழகினாள். முதல் நாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். ஒரு வாரம் கழித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் உள்ளே போய்விட முடிந்தது. திரும்பி எழுவதுதான் பெரும்பாடு. நான் ஃப்ரிட்ஜை இழுக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு சமயத்தில் அண்ணன் வந்து நின்றான். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தன் பெண்டாட்டி மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருப்பதையும், தம்பி ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்திருப்பதையும் பார்த்தான். விஷயத்தைச் சொன்னோம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“நாற்காலிக்கு ஏத்த மாதிரி ஆளைச் செதுக்கத்தான் அங்க படிப்பு சொல்லித் தர்றாங்களா?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்றாள் அண்ணி.

“புரியல. தண்ணி எடுக்கணும், ஃப்ரிட்ஜைத் திற” என்றான். திறக்க முடியவில்லை, கதவு அண்ணியின் முழங்காலில் முட்டியது.

இந்தக் கூத்துக்கு நடுவில் விழா மலர் வந்தது. நாற்காலிக்காரரின் கதையை அண்ணி வாய்விட்டுப் படித்தாள். படித்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“கண்ணை மூடினார்னு புதுசாப் போட்டிருக்கே. அப்பல்லாம் நான் கண்ணை மூடவே மாட்டேனே.”

“மறந்திருப்பீங்க.”

“கண்ணை மூடறது உடம்பு மாறின பிறகுதான்பா.” கொஞ்சம் யோசித்தாள். “மூணு வருஷம் முன்னால ஒரு தடவை கல்லூரிக்கு வந்தான். அப்ப நான் மூடினதைப் பார்த்திருப்பான், கலந்துட்டான் போல. அன்னிக்கு அவன் ஒல்லிப்பிச்சான், நாப்பது பேர்ல ஒருத்தன். உட்கார்ந்ததே எனக்கு ஞாபகமில்ல. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். இருந்தாலும் பெரிய ஆளு, பொய்யா சொல்லப் போறான்?”

பெரிய ஆட்களைப் பற்றி அண்ணிக்கு இருந்த அபிப்பிராயம் அது. எனக்கு வேறு. பெரிய ஆட்களைப் படம் எடுத்தே வயிறு வளர்க்கிறவன் நான். படம் எடுக்கும்போது வயிற்றை எப்படி உள்ளே இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

விழா நாள் வந்தது. மண்டபத்தில் எல்லாமே வடிவமைத்திருந்தார்கள். கழிப்பறைக் கதவில் ஆணா பெண்ணா என்று தெரியாத இரண்டு வளைகோடுகள். தண்ணீர்க் குவளைக்கு அடிப்பாகமே இல்லை, கூம்பாக முடிந்தது. கீழே வைக்க முடியாததால் விருந்தினர்கள் கையில் பிடித்தபடி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பது கருத்தாம். உண்மையில் எல்லோரும் கை குலுக்க முடியாமல் தவித்தார்கள். ஒரு தொழிலதிபர் தன் குவளையைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மாள் அதை என்னிடம் கொடுத்தார். நான் கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? தண்ணீரைக் குடித்துவிட்டுப் பூந்தொட்டியில் செருகினேன். சற்று நேரத்தில் பூந்தொட்டிகளெல்லாம் குவளைகளாகப் பூத்திருந்தன.

அண்ணி கருநீல உடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் கூடப் படவில்லை. அண்ணன் பக்கத்தில், கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில். கோட்டு அவனை விடுவதாக இல்லை. பொத்தான் போடாமல் சமாளித்தான்.

நாற்காலியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லாமல் அது சின்னதாக, ஏதோ பள்ளிக்கூடத்து நாற்காலி மாதிரி இருந்தது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் கதையைச் சொன்னாள். ‘உலகத்தை உட்கார வைத்த நாற்காலி. அதில் முதலில் உட்கார்ந்த பெண்மணி.’ கைதட்டல். அண்ணி மேடை ஏறினாள். நான் கீழிருந்து பார்த்தேன். நாற்காலிக்குப் புறம் காட்டி நின்று, மூச்சை இழுத்து, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் பழகியது போலவே இறங்கினாள். கைப்பிடிகளில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். மரம் மெல்ல முனகியது எனக்குக் கேட்டது. முன்வரிசையில் நாற்காலிக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அளவு அக்கா! இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருக்கு?”

ஒலிவாங்கி அண்ணியின் வாயருகே வந்தது. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணியும்தான், வேறு காரணத்துக்காக. கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். ‘பரவாயில்ல, பரவாயில்ல’ என்று நான் கேமராவுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி கண்ணைத் திறந்தாள்.

“இடிக்குது” என்றாள்.

முதல்வரம்மாவின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்து போனது. பிறகு எங்கேயோ பின்னால் ஒருவர் சிரித்தார். அது பக்கத்து மேசைக்குப் பரவியது. மொத்த மண்டபமும் விழுந்து விழுந்து சிரித்து, எழுந்து நின்று கைதட்டியது. என்ன ஒரு நகைச்சுவை, என்ன ஒரு எளிமை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏலம் பறந்தது. குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருக்கும் ஒருவர் எல்லோரையும் மீறி வாங்கினார். நிதி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. உண்மைக்கு அங்கே இவ்வளவு விலை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் பலரும் அதைச் சொல்லியிருப்பார்கள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். அதனால் சிரித்தபடி அங்கேயே இருந்தாள். விளக்கு அவளை விட்டு நகர்ந்தது. வேண்டுமென்றேதான் அவளை மேடையில் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல்வரம்மா என் காதில், “என்ன காட்சி! அப்படியே விடுங்க, படம் எடுங்க” என்றார்.

நாற்காலிக்காரர் பாராட்டைப் பெற்றுக்கொண்டு பேசினார். கையில் உரை எழுதிய தாள். ‘அக்கா உட்கார்ந்தார், கண்ணை மூடினார்’ என்பது வரை வந்தது. அங்கே நின்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார். தாளைப் புரட்டி, அடுத்த பக்கத்திலிருந்து பேச ஆரம்பித்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சாப்பாடு தொடங்கியதும் கூட்டம் மொத்தமும் மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டது. நான் மேடைக்கு ஏறினேன். எனக்கு முன்பே நாற்காலிக்காரர் வந்து நின்றார். ஒரு கையில் கூம்புக் குவளை.

“அக்கா” என்றார். “அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க.”

“என்ன சொன்னேன்?”

“இடிக்குதுன்னு. கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளி வைன்னு சொன்னீங்க. மறுநாள் காலையில சமர்ப்பிக்கணும். பிரிச்சு மாட்ட நேரமில்ல. வாத்தியார், அக்கா பார்த்தாங்களான்னு கேட்டாரு. பார்த்தாங்கன்னேன். என்ன சொன்னாங்கன்னாரு.” குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பரவாயில்லன்னாங்கன்னேன்.”

“அப்புறம் தொழிற்சாலைக்காரங்க?”

“வந்தாங்க. இருந்ததை அப்படியே அளந்து எடுத்துட்டுப் போனாங்க.”

அண்ணிக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது, ஆனால் நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை.

“மூணு வாரமா வெள்ளரிக்காய் தின்னுட்டிருக்கேன்டா” என்றாள். “ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டிருக்கேன். என் உடம்புதான் கெட்டுப்போச்சு, நான்தான் ஆளு மாறிட்டேன்னு.” கைப்பிடியைத் தட்டினாள். “நான் மட்டுமா? ஆஸ்பத்திரியில, பேங்க்ல, இதுல உட்கார்ந்தவங்க எல்லாரும் தன் உடம்புமேலதானே பழி போட்டிருப்பாங்க? நாற்காலி தப்புன்னு ஒருத்தருக்காவது தோணியிருக்குமா? நீ பெரிய ஆளாச்சே!”

அவர் தலை குனிந்து நின்றார். கிடங்கு வாசலில் நின்ற ஒல்லிப்பிச்சான் பையன் அந்த முகத்தில் கொஞ்சம் தெரிந்தான். உடம்பு மட்டும் ஒல்லியில்லை, அண்ணியைவிட அகலம்.

“முதல்ல என்னை எழுப்பு” என்றாள் அண்ணி.

குவளையை வைக்க இடமில்லாமல் அவர் அதை வாயில் கவ்விக்கொண்டு அண்ணியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். நான் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டாள். உடையை நீவி விட்டுக்கொண்டு, மூச்சு வாங்கி நின்றாள். பிறகு பசை டப்பா கேட்கிற மாணவனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

“உட்காரு.”

“அக்கா, நான்...”

“நீ செஞ்சதுதானே? எல்லாருக்குமானதுதானே? உட்காரு.”

உலகத்தில் எத்தனையோ மேடைகளில் விருது வாங்கியவர், மறு பேச்சில்லாமல் உட்கார்ந்தார். கைப்பிடிகள் அவரைக் கவ்விக்கொண்டன. எழப் பார்த்தார், நாற்காலியும் எழுந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் அண்ணி.

அவர் வாயிலிருந்த குவளையைக் கையில் எடுத்தார், வைக்க இடமில்லை. அண்ணி மேடையிலிருந்து இறங்கி, நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய், மூன்று வாரத்துப் பசியைத் தீர்த்துக்கொண்டாள். அண்ணன் தட்டை நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். நான் ஒரு படம் எடுத்தேன். பிறகுதான் அவரை எழுப்பினேன், அதுவும் கொஞ்சம் தாமதித்துத்தான்.

அந்தப் படம் கல்லூரியின் ஆண்டு அறிக்கையில் முழுப் பக்கத்தில் வந்தது. ‘படைப்பும் படைப்பாளியும் ஒன்றான தருணம்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். நாற்காலியை வாங்கியவர் அதை வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார், யாரும் உட்காரக் கூடாது என்று. அடுத்த விருந்துக்கு நிதி திரட்ட, ‘இடிக்குது’ என்று பெரிதாக அச்சடித்த துணிப்பைகளைக் கல்லூரி விற்றது. பையின் கைப்பிடி தோளை அறுக்கும். பேட்டிகளில் நாற்காலிக்காரர் இப்போது அந்தக் கதையைச் சொல்வதில்லை; சொல்லாமல் விடுவதற்கு மேல் எதுவும் செய்யவுமில்லை. விமான நிலையங்களில் அந்த நாற்காலிகள் அப்படியேதான் இருக்கின்றன.

விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை, படங்களைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். கிடங்கு வாசலில் இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி தான் செய்த நாற்காலியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு, அண்ணி கண்ணை மூடுவதற்காகக் காத்திருந்தாள்.

அண்ணி கண்ணை மூடவில்லை.

“இடிக்குது” என்றாள் உடனே.

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. “அக்கா, அட்டவணையைப் பார்த்துத்தான் செஞ்சேன். எல்லா அளவும் சரியா இருக்கு.”

“உன் அட்டவணைக்குச் சரியா இருக்கும்” என்றாள் அண்ணி. “எனக்கு இங்க இடிக்குது, இடுப்புல. எழுந்திருக்கும்போது முட்டிக்குப் பிடிமானம் இல்ல. எனக்கு வயசாயிடுச்சு. அதையும் எழுதிக்கோ.”

அந்தப் பெண் பையிலிருந்து நாடாவை எடுத்து, அண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள்.